குவேபுல் முக்கோணம்: கோளாறு தெரிவது ஓரிடம், தொடங்குவது வேறிடம்

குவேபுல் என்பது கொரியாவில் குழந்தைகளும் பெண்களும் ஹான்போக் என்ற மரபு உடையில் தொங்கவிட்ட சின்ன முக்கோணப் பட்டுத் தாயத்து. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து, உள்ளே பஞ்சு அடைத்து, இரண்டு முகத்திலும் பூத்தையல் போட்டு, ஓரம் முழுக்க வண்ண நூலால் பின்னிக் கட்டுவார்கள். நெருப்பு, நீர், காற்று ஆகிய மூன்று கேடுகளையும் (கொரிய மொழியில் சம்ஜே) அதன் மூன்று முனைகளும் விரட்டும் என்பது நம்பிக்கை. ஆகவே முனைதான் இதில் உயிர். முனை மழுங்கினால் கையில் இருப்பது ஊசி குத்தி வைக்கும் மெத்தைதான்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கில்: முடிந்த சதுரம் 6 செ.மீ., நான்கு பக்கமும் மடிக்க 6 மி.மீ. மார்ஜின், ஆக வெட்டும் அளவு 7.2 செ.மீ. மடித்தபின் இரண்டு பக்கம் 6 செ.மீ., மடிப்பு ஓரம் ஏறக்குறைய 8.5 செ.மீ., உயரம் 4.2 செ.மீ. பஞ்சு அடைத்ததும் எல்லாப் பக்கமும் சில மி.மீ. குறையும், அது கோளாறு அல்ல. செங்கோண முனை மேலே, அதில் கயிறு. மடிப்பு ஓரம் கீழே, அதன் இரு நுனிகளும் கூர்முனைகள்.

அடியோரம் நேராக நிற்காமல் வில்லாக வளைகிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. பலர் பஞ்சு அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் பிடுங்குவார்கள். முக்கோணம் தொங்கிப்போகும், வளைவு மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் துணியின் வாட்டம். சதுரத்தின் நான்கு பக்கங்களும் நூலோட்டத்தில் வெட்டப்பட்டவை, இழுத்தாலும் நீளாது. மூலைக்கு மூலை போகும் மடிப்பு மட்டும் தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வாட்டத்தில் விழுகிறது. ஒரு சாட்டின் துண்டை நூல்போக்கில் ஒருமுறை, மூலைவாட்டில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை ரப்பர் மாதிரி கொடுக்கும். உள்ளே பஞ்சு தள்ளும்போது இழுபடக்கூடிய ஒரே ஓரம் இதுதான், அது மட்டும் நீள்கிறது.

தடுக்கும் வழி, வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் தாள் ஒட்டுவது. கொரியாவில் இதற்கு ஹான்ஜி தாள். காகித மல்பெரிப் பட்டையின் நீளமான நாரால் செய்தது என்பதால் மடித்தாலும் முறியாது. அது கிடைக்காவிட்டால் காலருக்குள் வைத்து இஸ்திரியால் ஒட்டும் ஃப்யூசிங்கில் மிக மெல்லியது போதும். தாளோ ஃப்யூசிங்கோ, சதுரம் முழுக்க ஒரே துண்டாக இருக்க வேண்டும். இரண்டு முக்கோணமாக வெட்டி ஒட்டினால், எந்த ஓரத்தைக் காப்பாற்றப் போகிறோமோ அந்த ஓரத்திலேயே தாள் இல்லாமல் போகும். அச்சடிக்கும் சாதாரண வெள்ளைத் தாள் வேண்டாம். மடிப்பில் வெடிக்கும், அமுக்கும் போதெல்லாம் உள்ளே சலசலக்கும்.

ஏற்கெனவே தைத்து முடித்ததைக் காப்பாற்ற: ஓரப் பின்னலைப் பிரித்துவிட்டு, மடிப்பின் முதுகிலேயே வலுவான ஒற்றை நூலால் 3 மி.மீ. ஓட்டுத்தையல் ஓட்டுங்கள். ஒரு கூர்முனையில் முடிச்சுப் போட்டுத் தொடங்கி, மறுமுனை வந்ததும் நூலை மெதுவாக இழுத்து ஓரத்தை 8.2 செ.மீ. வரை சுருக்கிக் கட்டுங்கள். வில் நேராகிவிடும். மேலே மறுபடி போடும் பின்னல் இந்த நூலை மறைத்துவிடும்.

முனை மொட்டையாக இருக்கிறது, அல்லது கட்டியாகப் புடைத்திருக்கிறது

மொட்டை முனைக்கு முதல் காரணம், தலையணை உறை மாதிரி உட்புறமாகத் தைத்துத் திருப்பிப் போட்டது. 45 பாகைக் கூர்முனையைத் திருப்பிக் கூர்மையாக எடுப்பது நடக்காத காரியம். குச்சியால் குத்தினால் சாட்டின் கிழியும். குவேபுல்லை வெளிப்பக்கத்திலிருந்துதான் சேர்க்க வேண்டும். மார்ஜினை உள்ளே மடித்து, இரண்டு ஓரத்தையும் பொருத்தி, 2 மி.மீ. இடைவெளியில் சுற்றித் தைப்பது.

கட்டி முனைக்குக் காரணம் துணி அடுக்கு. மார்ஜின்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அதன்மேல் சதுரமும் இரண்டாக மடிந்தால் நுனியில் மட்டும் எட்டு அடுக்கு வரை சேர்ந்துவிடும். வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள். முடிந்த சதுரத்தின் முனைக்குறிக்கு வெளியே 2 மி.மீ. விட்டு, மார்ஜினின் மூலையைக் குறுக்கே வெட்டுங்கள். மிச்சமுள்ள அந்த 2 மி.மீ. நுனியை முதலில் உள்ளே மடியுங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டும் அளவு பசை வைத்து நகத்தால் அழுத்துங்கள். அது பிடித்தபின் இடப்பக்க மார்ஜின், பிறகு வலப்பக்க மார்ஜின். நான்கு மூலைக்கும் இதையே செய்து காயவிட்டு, அப்புறம்தான் மூலைவாட்டு மடிப்பு. கடைசியில் கூர்முனையை ஒரு பருத்தித் துணியில் பொதிந்து, தட்டை மூக்குக் குறடால் அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். அடுக்குகள் படிந்து முனை பளிச்சென்று எழும். இதைச் செய்யாமல் விட்டால் ஓரப் பின்னல் அந்த இடத்தில் ஊசி ஏறாமல் அடம்பிடிக்கும்.

முன்பக்கம் சரி, பின்பக்கப் பூ தலைகீழாகத் தொங்குகிறது

இதைத் திருத்த முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். சதுரத்தைச் சாய்சதுரமாக வைத்து, நடுவே படுக்கையாக மடிப்புக்கோட்டை வரையுங்கள். மேல்பாதிப் பூவின் தலை மேல்மூலையைப் பார்க்கிறது. கீழ்பாதிப் பூவின் தலை கீழ்மூலையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மடித்ததும் அந்த மூலைதான் மேலே போகும். வரைபடத்தை 180 பாகை சுழற்றுங்கள், அவ்வளவே. கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டாதீர்கள். பூவில் அந்தத் தவறு தெரியாமல் போகலாம். ‘நற்பேறு’ என்று பொருள்படும் 福 என்ற சீன எழுத்தை (கொரிய ஒலிப்பில் போக்) வைத்தால் கொரியர் யாரும் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். சந்தேகமா, தாளில் ஒரு சதுரம் வெட்டி, வரைந்து, மடித்துப் பாருங்கள். அதற்குச் சோம்பல்பட்டு இரண்டு நாள் வேலையைக் கத்தரிப்பதுதான் வழக்கமாக நடப்பது.

பூ மேலேறியோ கீழிறங்கியோ தெரிந்தால் அதுவும் இங்கே வந்த பிழைதான். உயரத்தின் பாதியில் மையம் வைத்திருப்பீர்கள். முக்கோணத்தின் மையம் மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1.4 செ.மீ.யில் இருக்கிறது.

ஃப்ரேமிலிருந்து எடுத்ததும் பூவைச் சுற்றித் துணி சுருங்குகிறது

ஃப்ரேமில் துணி தளர்ந்திருந்தது, அல்லது ஒவ்வொரு தையலிலும் நூலை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தீர்கள். விரலால் தட்டினால் உடுக்கைத் தோல் மாதிரி ஒலிக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள், பட்டு தளரும். கொரியத் தையல் சட்டமான சுத்துல் நீள்சதுரமானது, துணி நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் நிற்கும். வட்ட வளையத்தில் செய்வதானால் உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிக்கொள்ளுங்கள், சாட்டின் வழுக்காது.

இன்னொரு காரணம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 7.2 செ.மீ. துண்டை முதலிலேயே வெட்டிவிட்டு அதில் தைப்பது தவறு. 20 செ.மீ. துணியைச் சட்டத்தில் ஏற்றி, இரண்டு முகத்துப் பூவையும் முடித்து, துணி சட்டத்தில் இழுபட்டு இருக்கும்போதே பின்பக்கம் தாளை ஒட்டிக் காயவிட்டு, அதன்பிறகு வெட்டுங்கள். தாள் தையலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்யூசிங் என்றாலும் இதே வரிசைதான். ஆனால் அழியும் பேனாக் கோடு இருந்தால் இஸ்திரிக்கு முன் நீரால் துடைத்து உலரவிடுங்கள். நீரில் அழியும் நீலப் பேனா சூடு பட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

லேசான சுருக்கமாக இருந்தால், பூவைக் குப்புற ஒரு தடித்த துவாலைமேல் போட்டு, ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஆழமான சுருக்கம் இதற்குப் போகாது.

நூல் சுருண்டு சிக்குகிறது, அல்லது பளபளப்பு போய்ப் பஞ்சடிக்கிறது

கொரியப் பூத்தையலின் முகமே முறுக்கு நூல்தான், கொன்சா என்பார்கள். முறுக்காத தட்டை நூலான புன்சாவும் உண்டு. ஆனால் அந்தச் சிறுமணிகள் கோத்தது போன்ற மேற்பரப்பை முறுக்கு நூல்தான் தரும். இரண்டு இழையைத் தனித்தனியே ஒரு திசையில் முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குகிறார்கள். இரண்டு முறுக்கும் சமன்பட்டால் நூல் அடங்கிக் கிடக்கும். சோதிக்க, ஒரு சாண் நூலை நடுவில் மடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சுற்றிக்கொண்டால் முறுக்கு சமமில்லை.

சரியான நூலும் தைக்கத் தைக்கக் கெடும். ஒவ்வொரு தையலிலும் விரலில் ஊசி கொஞ்சம் உருளும். அந்த உருளல் முறுக்கைக் கூட்டவோ பிரிக்கவோ செய்யும். சிக்கினால் கூடியிருக்கிறது, ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுழன்று தளரும். மங்கிப் பஞ்சடித்தால் பிரிந்திருக்கிறது. ஊசியை எதிர்த்திசையில் நாலைந்து சுற்று உருட்டுங்கள். நூல் நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பட்டு நூல் இல்லையென்றால் ஆறு பிரி காட்டன் நூலில் இரண்டு பிரி எடுத்துத் தைக்கலாம். பட்டின் மினுக்கம் வராது, வடிவம் வரும்.

தையலுக்கு நடுவே துணி தெரிகிறது

தட்டைத் தையல் (பியோங்சு, நாம் சாட்டின் தையல் என்பது) ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், ஏறக்கூடாது. இடைவெளி விழுந்தால் மேலேயே இன்னொரு நூலைத் திணிக்காதீர்கள், பக்கத்துத் தையல்கள் வளையும். இதழின் விளிம்பைக் காம்புத்தையலால் முதலில் சுற்றி, உள்ளே அடித்தையல் போடுங்கள். அடித்தையலின் திசை மேல்தையலுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ஒரே திசையில் போட்டால் மேல்நூல் அதன் இடுக்கில் விழுந்து மறுபடி பள்ளம் தெரியும். ஒரு தையல் 1 செ.மீ.யைத் தாண்டினால் தொங்கி, எதிலாவது மாட்டும். நீளமான இதழை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

福 எழுத்தைத் தட்டைத் தையலில் போடவே வேண்டாம். 2 செ.மீ.க்குள் அத்தனை கோடும் அடங்காது, சேறாகிவிடும். நூலை மேலே கிடத்திச் சிறு தையலால் கட்டும் ஜிங்கும்சு முறையில், ஒற்றைக் கோடாக எழுதுங்கள்.

வௌவால் போட்டால் பட்டாம்பூச்சி மாதிரி தெரிகிறதா? பழைய கொரிய வேலைப்பாட்டிலும் அப்படித்தான் தெரியும், பதற வேண்டாம். வௌவாலைக் குறிக்கும் சீன எழுத்தின் ஒலியும் ‘போக்’ என்பதால்தான் அது நல்ல சகுனமாயிற்று. உணர்கொம்பை எடுத்துவிட்டு, சிறகின் கீழோரத்தைப் பிறை பிறையாக வெட்டினால் போதும்.

ஜரிகை உரிந்து உள்ளே நூல் தெரிகிறது

ஜரிகையைத் துணிக்குள் இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். உள்ளிழையைச் சுற்றியிருக்கும் பொன்தகடு துணியில் உரசி அவிழும். ஜரிகை எப்போதும் மேலேயே கிடக்க வேண்டும். இரண்டு இழையாகச் சேர்த்துக் கிடத்தி, 3 மி.மீ.க்கு ஒரு கட்டுத்தையல். நுனிகளை மட்டும் பெரிய காது ஊசியால் பின்பக்கம் இறக்கி, 1 செ.மீ. விட்டு வெட்டித் தைத்துவிடுங்கள். கட்டும் நூல் சிவப்பானால் பொன் சூடேறித் தெரியும், மஞ்சளானால் தணிந்து தெரியும்.

முகத்தில் ஈரக்கறை, அல்லது சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது

கறை, பசை நீர்த்துப்போனதால் வந்தது. 1 பங்கு கோதுமை மாவு, 5 பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை விடாமல் கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். பசையைத் தாளில் தடவுங்கள், துணியில் அல்ல. தாளின் ஈர மினுமினுப்பு அடங்கிய பிறகு துணியின் பின்பக்கம் வைத்து, நடுவிலிருந்து வெளியே தட்டி ஒட்டுங்கள். ஒரு முழுநாள் காயட்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள். அரைகுறையாகக் காய்ந்ததை மூடித் தைத்தால் உள்ளே பூசணம் பிடித்து ஒரு மாதத்தில் வாடை வரும்.

சாயத்துக்கு மருந்து முன்கூட்டியே சோதிப்பதுதான். நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்பு, நீல நூல்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் அந்த நூலைத் தாயத்தில் சேர்க்காதீர்கள். நீலம், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்ற ஐந்திசை வண்ணங்கள்தான் கொரிய மரபு என்பதால், சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வந்தே தீரும். இறங்கிய பிறகு குளிர்நீர் தொட்டு, மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுக்கலாம், பாதிதான் போகும்.

பஞ்சு கட்டி கட்டியாக இருக்கிறது, முனை மட்டும் காலி

நடுவில் முதலில் திணித்திருக்கிறீர்கள். மொத்தம் ஏறக்குறைய 1.5 கிராம் பஞ்சு எடுத்து, உருட்டாமல் விரலால் நன்றாகப் பிய்த்து மேகம் மாதிரி ஆக்குங்கள். ஒரு பக்கத்தின் நடுவே விட்ட 3 செ.மீ. வாய் வழியாக, மூன்று முனைக்கும் மெல்லிய திரிகளை மொட்டைக் குச்சியால் தள்ளுங்கள். மிச்சத்தை ஒரே துண்டாக நடுவில் வையுங்கள். பல துண்டுகளாகப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கட்டி. இலவம் பஞ்சு இதற்குச் சரிவராது; வழுக்கிக்கொண்டு தையல் இடுக்கில் பறந்து வரும். பருத்திதான் சரி. பக்க ஓரங்கள் அலை அலையாகச் சுருங்கினால் பஞ்சு அதிகம். அடியோரம் வளைந்தால் மட்டும் முதலில் சொன்னதைப் பாருங்கள்.

ஓரப் பின்னல் ஒரு பக்கம் சாய்கிறது

சாத்துகி என்ற இந்தப் பின்னல், ஹெரிங்போன் தையலை ஓரத்தின் முதுகில் ஏற்றியது போல இருக்கும். நூல் முன்முகத்தில் ஒரு பிடி, ஓரத்தைச் சாய்வாகத் தாண்டிப் பின்முகத்தில் ஒரு பிடி. ஒரு பக்கம் 3 மி.மீ. உள்ளே, மறுபக்கம் 2 மி.மீ. என்று பிடித்தால் முதுகெலும்பு ஓரத்தை விட்டு நகர்ந்துவிடும். கண்ணை நம்பாதீர்கள். இரு முகத்திலும் ஓரத்திலிருந்து 2.5 மி.மீ.யில் தையல் சாக்கால் கோடு போட்டு, கோட்டில் 2 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். முனையில் ஒரு தையல் சரியாக நுனியிலேயே விழ வேண்டும். நுனிக்கு முன்னும் பின்னும் விழுந்தால், பாடுபட்டுக் கூர்மையாக்கிய முனை நூலுக்குள் மறுபடி உருண்டுபோகும். நுனி நெருங்கும்போது மிச்ச நீளத்தை எண்ணி, இடைவெளியை மயிரளவு கூட்டியோ குறைத்தோ வந்து சேருங்கள்.

தொங்கவிட்டால் சாய்கிறது, சுழல்கிறது

கயிற்றை மேல்துணியில் மட்டும் தைத்தால் சாயும். வாயை மூடுவதற்கு முன்பே கயிற்றின் இரு நுனியையும் மேல்முனை வழியாக உள்ளே விட்டு, உள்ளே முடிச்சிட்டு, இரு முகத்து மார்ஜினிலும் பிடித்துத் தையுங்கள். மூடுமுன் ஒரு குண்டூசியில் தொங்கவிட்டு, அடியோரம் படுக்கையாக நிற்கிறதா என்று பாருங்கள். கூர்முனைகளில் குஞ்சம் கட்டுவதானால் இரண்டிலும் நூல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். சுழல்வது கயிற்றின் முறுக்கால். முறுக்குக் கயிற்றை மாற்றி, பின்னல் கயிறு போடுங்கள்.

முனைக்கு மேலே போடும் தோரே முடிச்சு தளர்ந்து மேலேறினால், ஒரே இழுப்பில் இறுக்கியதுதான் காரணம். முடிச்சை முனையோடு ஒட்டி வைத்து, கயிறு வந்த பாதையிலேயே குத்தூசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வை நகர்த்தி வெளியே எடுங்கள். கொரிய முடிச்சு முன்னும் பின்னும் ஒன்றுபோல், இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கொரியாவில் முடிச்சுக் கலை தனித்தொழில். அரசு அதை 1968-லும் பூத்தையலை 1984-லும் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் தனித்தனியாகவே சேர்த்தது. பூ தைப்பவருக்குச் செவ்வந்தி முடிச்சும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டிய முடிச்சை வாங்கி வைப்பதில் குறையொன்றும் இல்லை.

குஞ்சம் சிலிர்த்து நிற்கிறது

குஞ்சத்தைத் தாயத்தில் கட்டுமுன் ஈரமில்லாத தாளில் இறுக்கமாகச் சுருட்டி, கெட்டில் ஆவியில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். தாளோடு அப்படியே முழுக்க ஆறிய பிறகு பிரியுங்கள். சூட்டோடு பிரித்தால் பழையபடி சிலிர்க்கும். பட்டும் ரேயானும் இதற்கு அடங்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக அடங்காது. நுனியைச் சமன் செய்ய, தாளில் சுருட்டிய நிலையிலேயே தாளோடு சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுங்கள்.